நோயும் நாணமும்

இலக்கண வகுப்பிலே தகுதி வழக்கைக் கற்பிக்கும்போது இடக்கரடக்கல் என்னும் பகுதி வரும். நன்மக்கள் கூடிய இடத்தில் வெளிப்படையாகச் சொல்லத்தகாத ஒன்றை வேறொரு சொல்லால் மறைத்துக் கூறுதல் அது. மலங்கழித்து வந்ததைக் 'கால் கழுவி வந்தேன்' என்று கூறுவதே பாடநூல்களில் வழக்கமாகக் காட்டப்பெறும் உதாரணம். அந்த இடத்துக்கு வந்ததும் மாணவர் தமக்குள் சிரிப்பர். நாமும் சிறிது சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்வோம். பத்து ஆண்டுகளாக இவ்வாறே கற்பித்து வந்தோம். மொழியின் நாகரிகத்துக்கு இஃது ஒரு சான்று என்பதே எமது எண்ணமாக இருந்தது. அந்த நாகரிகத்துக்கு ஒரு விலையும் உண்டு என்பதை, மருத்துவர் ஒருவரின் முன்னே நோயாளியாக அமர்ந்த நாளிலேதான் உணர்ந்தோம்.

"எத்தனை நாளாக இரத்தம் போகிறது?" என்று அவர் கேட்டார். எட்டு மாதங்கள் என்பதே உண்மையான விடை. அந்த எட்டு மாதங்களும் வீட்டாரிடம் வயிறு சரியில்லை என்றோம். பாடசாலையில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். பாடவேளையின் நடுவே வகுப்பை விட்டு ஓடவேண்டி வந்தபோதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொன்னோம். உடற்சூடு என்று ஒருவரும், மூலம் என்று இன்னொருவரும், வயிற்றுளைவு என்று மற்றொருவரும் சொல்லிய மருந்துகளையெல்லாம் உண்டு பார்த்தோம். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்ற எமக்கு, எமது உடலில் நிகழ்வதைத் தமிழிலே சொல்ல வாய் வரவில்லை.

நோயின் பெயர் பெருங்குடற்புண் அழற்சி. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நெறி தவறிப் பெருங்குடலின் உட்சுவரையே தாக்க, அச்சுவர் சிவந்து வீங்கிப் புண்ணாகின்றது. இரத்தமும் சளியும் மலத்தோடு செல்கின்றன. பகலிற் பலமுறையும் இரவிற் சிலமுறையும் அடக்கவியலாத அவசரம் எழுகின்றது. இது தொற்றுநோயன்று; ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. வேரோடு களையும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அடங்கியிருக்கச் செய்யும் மருந்துகள் உள்ளன. பெருங்குடலின் கடைக்கோடியாகிய நேர்குடலிலே தொடங்கி மேல்நோக்கிப் படர்வது இந்நோயின் இயல்பு. எம்மைப் போன்ற சிலருக்கு நேர்குடலோடு நின்றுவிடுகின்றது.

எமக்கு அளிக்கப்பட்டது மெசலசின் என்னும் மருந்து. வாயால் விழுங்கும் வடிவிலன்றி, ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கும் குளிசையாக அது தரப்பட்டது. காய்ச்சலில் வாந்தியெடுக்கும் குழந்தைக்குப் பின்பக்கத்தால் குளிசை வைப்பதை நமது தாய்மார் நன்கறிவர். அதே முறைதான் இதுவும். புண் நேர்குடலில் இருக்கும்போது மருந்து நேரே அவ்விடத்திற் படிவதே சிறந்தது என்பது இன்று மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொண்ட முடிபு. நேர்குடல் அளவில் நிற்கும் நோய்க்கு, விழுங்கும் குளிசையைவிட வைக்கும் குளிசையே முதலிற் பரிந்துரைக்கப்படுகின்றது. நோய் மேலே படர்ந்தவர்க்கும், வாய்வழி மருந்தோடு இதனையோ பீச்சு மருந்தையோ சேர்த்துக் கொடுப்பது கூடிய பயன் தருகின்றது. வயலின் கடைமடையிலே பயிர் வாடுகின்றதெனின், இரணைமடுக் குளத்தைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதைக் காட்டிலும், குடத்தில் நீர் சுமந்து சென்று அவ்விடத்தில் ஊற்றுவது விரைவிற் பயன் தருமன்றோ?

இம்மருந்தின் வரலாறும் இங்கே சொல்லத்தக்கது. சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியை நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டுவாத நோய்க்கென உருவாக்கிய சல்பாசலசின் என்னும் மருந்து பெருங்குடற்புண்ணையும் ஆற்றுவதை 1940களில் எடுத்துக்காட்டினார். அம்மருந்து இரண்டு பொருள்களின் சேர்க்கை. அவற்றுள் நோயை ஆற்றுவது எது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1977ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டில், வங்கதேசத்தவரான அசாத் கானும், பிரிஸ், ட்ரூலவ் ஆகியோரும் இவ்வினாவுக்கு விடை கண்டனர். முழு மருந்தையும் அதன் இரு கூறுகளையும் தனித்தனியே பீச்சு மருந்தாக நோயாளருக்குச் செலுத்தி, பின்னர் மெசலசின் எனப் பெயர்பெற்ற கூறே பயன் தருவது என்று நிறுவினர். வாயால் விழுங்கினால் வழியிலே உறிஞ்சப்பட்டுவிடும் ஆதலால், பின்வழியாகச் செலுத்தியே இதனை அறிய முடிந்தது. இன்று உலகெங்கும் மெசலசினை வாயால் விழுங்கி நலமடைவோர் அனைவரும், கூச்சத்தை ஒதுக்கிவைத்து அந்தப் பரிசோதனைக்கு இசைந்த பெயரறியா நோயாளருக்குக் கடமைப்பட்டவர்கள்.

இத்தனையும் பின்னாளிற் படித்தறிந்தவை. மருந்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்த நாளில் எமக்குத் தெரிந்திருந்தது வெட்கம் ஒன்றே. மூன்று இரவுகள் பெட்டியைத் திறக்கவில்லை. நான்காம் இரவு, எல்லோரும் உறங்கிய பின்னர், விளக்கை அணைத்துவிட்டு, இடப்பக்கமாகச் சரிந்து, காலை மடித்து, நீரில் நனைத்த குளிசையை வைத்தோம். உடனே வெளியேற்றிவிட வேண்டும் போன்ற உந்துதல் எழுந்தது. அதனை அடக்கிக்கொண்டு கிடந்த கால்மணி நேரம் மிக நீண்டது. விடியும்போது படுக்கை விரிப்பிலே கபிலநிறக் கறை. தேநீர் சிந்திவிட்டது என்று தாயாரிடம் பொய் சொன்னோம். இன்னொரு முறை, யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் மருந்து கொண்டுவந்தபோது, பங்குனி வெயிலிலே குளிசைகள் பைக்குள்ளேயே இளகி உருவழிந்து போயின. கொழுப்பைத் தளமாகக் கொண்டு செய்யப்படும் இத்தகைய குளிசைகள் உடற்சூட்டில் உருகுதற்கெனவே அமைக்கப்பட்டவை. வன்னியின் வெயிலை நினைத்து அமைக்கப்பட்டவை அல்ல.

எனினும் மருந்து தன் வேலையைச் செய்தது. மூன்றாம் வாரத்தில் இரத்தம் குறைந்தது, பின்னர் நின்றது. நின்றதும் நாம் செய்த முதற் காரியம் மருந்தை நிறுத்தியதே. மாறிவிட்டது என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மையில் அந்த இரவுச் சடங்கிலிருந்து விடுபடும் ஆசையே எம்மை அவ்வாறு சொல்ல வைத்தது. நான்கு மாதங்களிலே நோய் மீண்டு வந்தது. 'ஒழுங்காக மருந்து எடுக்கவில்லை' என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டது. அந்த வாசகம் உண்மையே. ஆயினும் அந்த உண்மை முழுமையானதா என்னும் ஐயம், கிளினிக் வாங்கிலே எமக்கருகில் இருந்த ஒரு தாயின் பேச்சைக் கேட்டபோது பிறந்தது.

எமது கையிலிருந்த பெட்டியைக் கண்டு அவர் மெல்லப் பேசத் தொடங்கினார். முல்லைத்தீவுப் பக்கத்தில் கூலி வேலை செய்பவர். "செட்டிகுளத்தில இருக்கேக்கையே இரத்தம் போனது, பிள்ளை. கக்கூசுக்குப் பெரிய வரிசை. வயிற்றுளைவு எண்டு நினைச்சம். எல்லாருக்கும் வயிறு சரியில்லாத காலம், நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். 2009இல் இலட்சக்கணக்கான மக்கள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டு, 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட மெனிக் பாம் முகாமையே அவர் குறிப்பிட்டார். இப்போது மருந்து வைக்கின்றீர்களா, அம்மா, என்று கேட்டோம். "வீடு ஒரே ஒரு அறை. மகன், மருமகள், மூண்டு பேரப்பிள்ளையள். எங்க போய்ச் சரிஞ்சு படுக்கிறது? கிணத்தடியில வைச்சிட்டு நடந்து வர அது வெளியில வந்திடும். டொக்டரிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது?" என்றார். குளிசைகளை மூடியுள்ள பேணியில் இட்டு, தண்ணீர்ப் பானையின் கீழ் ஈரமணலிலே புதைத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியில்லாத வீட்டில் மருந்தைக் காக்கும் உபாயத்தை அவர் தாமே கண்டுபிடித்திருந்தார். ஆனால் கதவு ஒன்றை எவராலும் உபாயத்தாற் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய கொப்பியிலும் 'ஒழுங்காக மருந்து எடுக்கவில்லை' என்றே எழுதப்பட்டிருந்தது.

இங்கேதான் நமது வினா எழுகின்றது. மருந்து கையில் இருந்தும் அதனை வைத்துக்கொள்ள முடியாதவரின் குறை யாருடையது? நாணம் அவருடைய மனத்தின் பலவீனமா, அல்லது அவர்மீது வேறெவரோ சுமத்திய பாரமா?

நாணம் என்பதை இழிந்ததென்று நாம் கூறமாட்டோம். 'நாணுடைமை' என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர், தகாத செயலுக்கு நாணுவதே நாணம் என வரையறுத்து, ஏனைய கூச்சங்களை அதனினின்றும் பிரித்துவிடுகின்றார். ஈராயிரம் ஆண்டு மரபினர் எனப் பெருமை கொள்ளும் நாம் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டோம். நாணத்துக்குரியது செயல். நோய் செயலன்று. குடலிற் புண் உண்டாவதை எவரும் தெரிந்தெடுப்பதில்லை. இலஞ்சம் வாங்குபவன் வீதியில் நிமிர்ந்து நடக்கின்றான். கூலிக்கு வேலை வாங்கிக் கூலியைக் குறைத்துக் கொடுப்பவன் கோயில் திருவிழாவிலே முன்வரிசையில் நிற்கின்றான். தன் உடலின் வருத்தத்தைத் தவிர வேறொன்றும் அறியாத தாய், கிளினிக் வாங்கிலே முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்கின்றாள். நாணம் இடம் மாறிப் போயிருப்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இந்த இடமாற்றம் தற்செயலானதன்று. முகத்திலிருந்து ஒரு வருணமும் பாதத்திலிருந்து ஒரு வருணமும் தோன்றியதாகக் கதை கட்டிய சமுதாயம், மனிதரைப் பிரிப்பதற்கு உடலையே அளவுகோலாக்கியது. மேலுள்ளது உயர்ந்தது, கீழுள்ளது தாழ்ந்தது. உட்கொள்ளும் வாய் தூயது, வெளியேற்றும் வாய் தீட்டு. மலத்தை அகற்றும் தொழிலைச் சில மக்கள்மீது பரம்பரையாகச் சுமத்திவிட்டு, அத்தொழிலைச் செய்யும் காரணத்தாலேயே அவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியது. சமுதாயத்தில் ஒரு பகுதியினரைத் தீண்டாமைக்கு உள்ளாக்கியவர்கள் தம் உடலிலும் ஒரு பகுதியைத் தீண்டாமைக்கு உள்ளாக்கியதில் வியப்பென்ன? மருந்து வைப்பதற்குத் தன் விரலைத் தானே பயன்படுத்தத் தயங்கிய அந்த மூன்று இரவுகளில், எமக்குள்ளே இருந்து பேசியது எமது மனச்சான்று என்று நினைத்திருந்தோம். பேசியது பழைய தீட்டு. மேடையிலே சாதியத்தை எதிர்த்துப் பேசிய நாமே, அதனை எமது உடலுக்குள் அறியாமற் காத்து வந்திருக்கின்றோம்.

அப்படியாயின் ஒவ்வொருவரும் தம் நோயைச் சந்தியில் நின்று சொல்லவேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மனிதனுக்குத் தனிமை வேண்டும். தன் உடலைப் பற்றி யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கே உரியது. ஆனால் தனிமை வேறு, மறைப்பு வேறு. தனிமை நாம் விரும்பி எடுத்துக்கொள்வது. மறைப்பு அச்சத்தாற் செய்வது. கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக மருந்து வைத்துக்கொள்பவருக்கு இருப்பது தனிமை. மருந்தே வைக்காமல் இரத்தம் சிந்துபவருக்கு இருப்பது மறைப்பு. மேலும், தனிமை வெறும் மன உணர்வன்று. அதற்குச் சுவர் வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும், நீர் வேண்டும், படுத்திருக்க அரைமணி நேரம் வேண்டும். இவை உள்ளவருக்கு நாணம் ஓர் அணிகலனாக இருக்கலாம். இவை இல்லாதவருக்கு அதே நாணம் நோயைப் பெருக்கும் இன்னொரு காரணமாகின்றது. ஒரே அறையுள்ள வீட்டை நோக்கி 'வெட்கப்படாதீர்கள்' என்று உபதேசிப்பது, பசித்தவனுக்கு நிதானமாக மென்று உண்ணுமாறு உபதேசிப்பதைப் போன்றது.

இந்தக் கூச்சம் நமது பண்பாட்டோடு பிறந்தது, மாற்ற முடியாதது என்று கூறுவோரும் உளர். சித்த மருத்துவம் புற மருந்துகளை முப்பத்திரண்டாக வகுத்துள்ளது. பற்றும் ஒற்றடமும் களிம்பும் அவற்றுட் சில. அதே வரிசையில், திரிபோலச் செய்து உடலின் துவாரங்களில் வைக்கும் வர்த்தியும், பின்வழியாக மருந்தைச் செலுத்தும் பீச்சும் இடம்பெற்றுள்ளன. அவற்றை வகுத்த முன்னோர் எவ்விதத் தயக்கமுமின்றிக் களிம்புக்குப் பக்கத்திலேயே அவற்றையும் வைத்தனர். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்குவித்தார். உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழிற் சொல் வேண்டும் என்பது அவர் பணியின் அடிப்படை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே சொற்கள் இருந்தன. சொல்லும் துணிவைத்தான் இடையில் எங்கோ இழந்தோம்.

துணிவு மட்டும் போதுமா? மருந்தும் இருக்கவேண்டும். 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயும் இடதுசாரித் தலைவரான மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கை, மருந்து வாணிபப் பண்டமாக அன்றி மக்களின் தேவையாகக் கருதப்பட வேண்டும் என்னும் கொள்கைக்கு இந்நாட்டிலே வழிதிறந்தது. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிபிலே அதன் முதல் தலைவரானார். அந்த மரபின் பயனை இன்றும் நாம் அனுபவிக்கின்றோம். இலவச மருத்துவம் இல்லையெனின் அந்த முல்லைத்தீவுத் தாய் மருத்துவரின் வாசலையே கண்டிருக்கமாட்டார். ஆயினும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணியின்றி மருந்துகள் அருகியபோது, முதலிற் கைவிடப்படுவோர் யார் என்பதையும் கண்டோம். உயிரை உடனே பறிக்காத நோய், பலருக்கு வராத நோய், வெளியே சொல்லப்படாத நோய் ஆகியவற்றை உடையோரே அவர்கள். எமது கிளினிக்கில் வைக்கும் குளிசை இல்லாத மாதங்களில் பாமசியிலே வாங்குமாறு எழுதித் தந்தனர். சம்பளம் பெறும் நாம் வாங்கினோம். கூலி வேலை செய்யும் தாய் வாங்கவில்லை.

கொழும்பு, கம்பஹா ஆகிய இரு மாவட்டங்களில் நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வு, ஓர் இலட்சம் பேரில் 5.3 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சிறிய தொகைதான். ஆனால் அது மருத்துவமனைகளுக்கு வந்தோரைக் கொண்டு செய்த கணக்கு. வயிற்றுளைவு என்றும் மூலம் என்றும் தமக்குள் சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருப்போர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மௌனம் நோயாளியை மறைக்கின்றது. மறைந்த நோயாளிக்கு மருந்து தருவிக்கப்படுவதில்லை. மருந்து கிடையாதபோது மௌனம் மேலும் இறுகுகின்றது.

'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவரையும் சேர்த்து நான்கு. இந்த நான்காம் இடத்தை நாம் வெறுமையாக விட்டுவிட்டோம். அதனை நிரப்ப வேண்டியது சமுதாயம். பாடசாலை மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாள் இடுவது அந்தப் பணியில் அடங்கும். அவசரமாக எழுந்து செல்லும் மாணவனிடமோ சக ஆசிரியரிடமோ காரணம் கேளாதிருப்பதும் அதில் அடங்கும். கிளினிக்கிலே திரைச்சீலை ஒன்று தொங்கவிடுவது, மருந்தை எவ்வாறு வைப்பது, வெயிலில் எவ்வாறு பேணுவது, இரத்தம் நின்றபின்னும் ஏன் தொடரவேண்டும் என்பவற்றை எளிய தமிழில் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுப்பது, மருந்து எடுக்கவில்லை என்று எழுதுமுன் வீட்டில் எத்தனை அறைகள் என்று கேட்பது, இவையெல்லாம் பெரும் பணம் வேண்டும் காரியங்கள் அல்ல. வீடமைப்புத் திட்டத்திலே கதவுள்ள இரண்டாம் அறைக்காகக் குரல்கொடுப்பது பெரிய காரியம். அதனையும் மருத்துவக் கோரிக்கையாகவே நாம் முன்வைக்க வேண்டும்.

சென்ற தவணையில் மீண்டும் இடக்கரடக்கல் கற்பிக்கும் முறை வந்தது. அதே உதாரணத்தைச் சொன்னோம், மாணவர் சிரித்தனர். இம்முறை அடுத்த பகுதிக்குச் செல்லவில்லை. அவையிலே இவ்வாறு மறைத்துச் சொல்வது நாகரிகம் என்றோம். மருத்துவரிடமும் பெற்றோரிடமும் மறைக்கக் கூடாது என்றோம். மலம், ஆசனவாய், இரத்தம் என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதினோம். இவை நல்ல தமிழ்ச் சொற்கள், உங்களுக்கோ வீட்டில் எவருக்குமோ மலத்தோடு இரத்தம் போனால் இச்சொற்களாலேயே சொல்லுங்கள் என்றோம். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் சென்றது. வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறிய பின்னர் ஒரு மாணவி மட்டும் வாசலருகே நின்றாள். தன் தந்தைக்கு ஆறு மாதமாக இரத்தம் போவதாகவும், அவர் எவருக்கும் சொல்ல வேண்டாம் என்றதாகவும் கூறினாள். அது எமது நோயாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். அடுத்த கிளினிக் நாளை அவளுடைய கொப்பியில் எழுதிக் கொடுத்தோம்.